கிட்டப் போய் எடுத்த படம்

அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியதை முதலில் கோயிலில்தான் கண்டேன். ஐயர் உள்ளங்கையில் வைத்த திருநீறு நெற்றிக்குப் போகுமுன்பே விரல் இடுக்குகளால் வேட்டியில் கொட்டியது. எறும்பு கடித்ததுபோல அப்பா கையை உதறினார். எறும்பு இல்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் கையை நீட்டுவதில்லை. தட்டிலிருந்து ஒரு விரலால் தொட்டுப் பூசிக்கொள்வார்.

அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. பார்த்த வைத்தியர், இது சில குடும்பங்களில் வருகிற நடுக்கம், உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று சொன்னார். அப்பா அதைப் பகிடியாக்கிக்கொண்டார். தேத்தண்ணீர் சிந்தினால், "சட்டைக்குத்தான் ஆபத்து, உயிருக்கில்லையாம்" என்பார்.

அவர் பெயர் நமசிவாயம். சுன்னாகத்துக்கு வடக்கே ஒரு செம்மண் கிராமத்தில் நாற்பத்தைந்து வருடம் வெங்காயத் தோட்டம் செய்தவர். நிலத்தின் மட்டம் பார்ப்பதில் அவருக்கு ஊரில் பெயர் இருந்தது. வாய்க்கால் வெட்டுபவர்கள் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் ஒரு தரம் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "உதிலை தேங்கும், ரெண்டு விரல் இறக்கு" என்று சொல்லுவார். தண்ணீர் விட்டால் அவர் சொன்ன இடத்தில்தான் தேங்கும். அம்மா இறந்தபின் வீட்டில் தனியாகவே இருந்தார். மகளான எனக்கு வவுனியாவில் வேலை. வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிறு பின்னேரம் திரும்புவேன்.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே பங்குக் கிணறு இருந்தது. வலிகாமத்தில் இப்படிப் பல கிணறுகள் உண்டு. ஒரு கிணறு, மூன்று நான்கு குடும்பத்துக்குப் பங்கு, ஒவ்வொருவருக்கும் தண்ணீர் இறைக்க முறை நாள். எங்களுடையதில் மூன்று பங்கு. ஒன்று அப்பாவுக்கு. ஒன்று வேலிக்கு அப்பால் இருந்த சிவரூபன் அண்ணைக்கு; அவர் ஊரில் இன்றும் தோட்டம் செய்கிறவர். மற்றது அப்பாவின் அண்ணர் மகன் வாகீசனுக்கு. அவர் ரொறன்ரோவுக்குப் போய் இருபத்தைந்து வருடம். போன பிறகு கிணற்றை அவர் ஒரே ஒரு தரம்தான் பார்த்தார். ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தது. மூவரும் கையெழுத்து வைக்காமல் கிணற்றை மூடவும் முடியாது, இறைப்பை நிறுத்தவும் முடியாது.

கார்த்திகை மழைக்குப் பிறகு முதலில் புறாக்கள் போயின. கிணற்றுச் சுவரின் பொந்துகளில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து புறாக்கள் இருந்தன. ஒரு கிழமைக்குள் ஒன்றும் இல்லை. பிறகு, மோட்டர் போட்டு இறைத்த மறுநாள் காலையில் தண்ணீர் பால்போலக் கலங்கி வரத் தொடங்கியது. அதன்பின்தான் அப்பா வெடிப்பைக் கண்டார். கிணற்றுக் கட்டிலிருந்து ஆறேழு அடி தள்ளி, எங்கள் வீட்டுப் பக்கமாக, மண்ணில் நூல்போல ஒரு கோடு.

நான் அதைப் பார்த்தபோது, வெயிலுக்கு வெடித்திருக்கும் என்றேன்.

"வெயில் வெடிப்பு கண்டபாட்டுக்கு ஓடும் பிள்ளை. இது வளைஞ்சு வருது பார். கிணத்தைச் சுத்தி வருது."

அவர் சொன்னது சரி. குந்தியிருந்து பார்த்தால் கோடு கிணற்றைப் பார்த்து வளைந்திருந்தது. எங்கள் நிலத்துக்குக் கீழே முழுவதும் சுண்ணாம்புக் கல்; அதற்குள் எங்கே குகை இருக்கிறது, எங்கே தண்ணீர் அரித்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கிணறு ஒருநாள் தன் வாயை அகட்டும் என்று அப்பா நம்பினார். அந்த நாளில் கிணற்றுக் கட்டில் ஆர் நிற்பார்கள் என்பதுதான் அவருடைய பயம். சிவரூபன் அண்ணையின் மனைவி சுபாஜினி ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் குடிதண்ணீர் அள்ள அங்கே வருவா.

அப்பா கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டினார். சிவரூபன் அண்ணையின் முறை நாளில் கயிறு அவிழ்ந்து கிடந்தது.

"மாமா, உங்களுக்குக் குழாய்த் தண்ணி வந்திட்டுது. எங்களுக்கு வரேல்லை. தோட்டம் முழுக்க வெங்காயம் நட்டுப் போட்டு நிக்கிறன், மாசி கடைசியிலை கிண்டலாம். அதுக்கிடையிலை கிணத்தைப் பூட்டு எண்டால் என்ன கதை?"

"கதையில்லையடா, நிலம் இறங்குது."

"நிலம் இறங்கேல்லை மாமா, உங்கடை கைதான் ஏறி இறங்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பாவும் சிரித்தார்.

அப்பா ஒரு மேசன் செய்கிற வேலையைச் செய்தார். வெடிப்புக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சீமெந்தைக் கையகலத்துக்குப் பட்டையாகப் பூசி, ஈரத்திலேயே ஆணியால் திகதி கீறினார். நிலம் அசைந்தால் பட்டை வெடிக்கும். முதலாவது கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட, இரண்டாவது நடுவில், மூன்றாவது வெடிப்பின் கடைசி நுனியில், எங்கள் வீட்டுப் பக்கம். மூன்றாவதும் வெடித்தால் வளையம் முடிந்தது என்று அர்த்தம் என்றார். மார்கழி முடியுமுன்பே முதலாவது பட்டை வெடித்தது.

அதை அவர் போனில் படமெடுத்து மூன்று பங்காளருக்குமான வட்ஸ்அப் குழுவில் போட்டார். வாகீசன் அண்ணை குரல் பதிவில் பதில் அனுப்பினார்.

"சித்தப்பா, படத்திலை வெடிப்பு ரெண்டாத் தெரியுது. ஓரத்திலை உங்கடை காலும் நாலாத் தெரியுது. எதை நம்பச் சொல்லுறியள்? கை ஆடினால் நூலும் கயிறாத்தான் தெரியும். கிணறில்லாத காணியை நாளைக்கு ஆர் வாங்குவினம்? வடிவா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, உண்மையெண்டால் அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்."

அவர் கெட்டவர் அல்ல. அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சனிக்கிழமை நானே ஒரு படம் எடுத்தேன், தெளிவாக வந்தது. ஆனால் ஒரு படத்தில் வெடிப்பு தெரியும், விரிவது தெரியாது. விரிவதைக் காட்ட இறைப்பு முடிந்த ஒவ்வொரு காலையும் படம் வேண்டும். இறைப்பு நாட்களெல்லாம் கிழமை நாட்கள், நான் வவுனியாவில். சிவரூபன் அண்ணை எடுக்க மாட்டார். இரண்டு வேலி தாண்டி ஒருவரைத் தினமும் கூப்பிட அப்பாவுக்கு மனமில்லை. "என்ரை கண் பாக்கிறதை என்ரை கையாலை எடுக்க ஏலாதெண்டால் பிறகென்ன" என்றார்.

அதனால் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் அவரும் யாழ்ப்பாணம் போனோம்.

பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஒரு சிறிய கமராக் கடை. நடத்துபவர் ஜெரோசன் என்ற குருநகர்ப் பொடியன். கலியாணம், தேவாலயத்து முதல் நன்மை எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். சின்னக் கமரா இப்போது ஆரும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் பாவித்தவை. இரண்டிலும் நடுக்கத்தைத் தாங்கும் லென்ஸ் இருந்தது.

"தாங்கிறதெண்டால் என்னெண்டு?" அப்பா கேட்டார்.

"ஐயா, வள்ளம் ஒரு பக்கம் சரிஞ்சால் வள்ளத்திலை நிக்கிறவர் இடுப்பை மற்றப் பக்கம் சரிப்பார் எல்லோ? உள்ளுக்கை ஒரு கண்ணாடி இருக்கு. உங்கடை கை இஞ்சாலை போனால் அது அங்காலை போகும். சில போனுகள் எடுத்த படத்தை வெட்டித் திருத்துறது. இது எடுக்கேக்கையே நிமிர்த்தும்."

"அப்ப எனக்குப் பதிலா அது ஆடுது."

"ஓம் ஐயா. அதுக்குத்தான் காசு."

முதலாவது கமரா கொஞ்சம் பெரியது, சூம் நீளமாக வெளியே வரும். இரண்டாவது கைக்குள் அடங்கும். சூம் குறைவு, ஆனால் பிடி தடிப்பு, அழுத்தும் பொத்தான் பெரிது. ஜெரோசன் எங்களை யன்னலுக்குக் கூட்டிப்போய், எதிரே நின்ற பஸ்ஸின் இலக்கத்தகட்டை எடுக்கச் சொன்னார். அப்பா பெரிய கமராவில் சூமை இழுத்து எடுத்தார். தகடு படத்தை நிறைத்து நின்றது. இலக்கங்கள் மழையில் நனைந்த மைபோல இழுபட்டிருந்தன. மூன்று தரம் எடுத்தார், மூன்று தரமும் அப்படித்தான். சின்னக் கமராவில் தகடு நகமளவுக்கு வந்தது. ஆனால் பெருப்பித்துப் பார்த்தபோது ஒவ்வொரு எழுத்தும் வெட்டி வைத்ததுபோல இருந்தது.

"சூம் பண்ணினால் நடுக்கமும் சேந்து பெருக்கும்" என்றார் ஜெரோசன். "இதை எடுத்துக்கொண்டு கிட்டப் போங்கோ ஐயா. கிட்டப் போனால் ஒரு பிரச்சினையுமில்லை."

அப்பா பெரியதையே கையில் வைத்திருந்தார். "எட்ட நிண்டு எடுக்கலாமெல்லோ, இதிலை?"

"எட்ட நிண்டால் கலங்குது அப்பா. கலங்கினால் அவை நம்பாயினம்."

"அது சரி" என்றார். ஆனால் கீழே வைக்கவில்லை.

ஜெரோசன் மூன்றுகால் ஸ்ராண்ட் ஒன்றையும் காட்டினார். அப்பா திருகைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. "மூண்டு காலை நிமிர்த்த எனக்கு நாலு கை வேணும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். கடையில் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் நான் பெரிய கமராவை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சின்னதைக் கட்டச் சொன்னேன்.

ஜெரோசன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பட்டியைக் கழுத்தில் போட்டு, கமராவை முன்னுக்குத் தள்ளி, பட்டி இறுகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்ட வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்திப் பொறுத்து, பிறகு முழுக்க அழுத்த வேண்டும். இரண்டு செக்கன் பிந்தி எடுக்கிற மாதிரி வைத்தால் அழுத்துகிற அசைவும் படத்தில் விழாது. கடைசியாக ஒன்று சொன்னார்:

"வெளிச்சம் எப்பவும் உங்கடை முதுகுக்குப் பின்னாலை இருக்கோணும் ஐயா. வெளிச்சம் கூடினால் கமரா கெதியா எடுக்கும். கெதியா எடுத்தால் நடுக்கம் விழாது. வெளிச்சம் காணாட்டி திரையிலை ஒரு சின்னக் கை அடையாளம் வரும், ஆடுற மாதிரி. அது வந்தால் எடுக்காதேங்கோ."

திரையில் அந்தக் கையைக் கண்டதும் அப்பா, "உது என்ரை கையெல்லோ" என்றார்.

அவர் கெதியாகப் பழகினார். பட்டைக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு ரூபாய் நாணயக் குத்தியை வைத்து, அகலம் தெரியும்படி எடுத்தார். நானும் போனிலேயே கமராவிலிருந்து படத்தை இறக்கக் காட்டிக் கொடுத்தேன். முதல் படத்தில் வெடிப்பு குத்தியின் விளிம்பளவு. அடுத்த இறைப்புக்குப் பிறகு இரண்டு விளிம்பு. அடுத்ததில் ஒரு விரல் நுழையும். மாசி பாதியில் இரண்டாவது பட்டையும் நடுவால் பிளந்தது. கீறிய திகதியின் இலக்கங்கள் தனித்தனியே நின்றன.

குழுவில் பகிடி நின்றது. இரண்டு நாள் கழித்து வாகீசன் அண்ணை எழுதினார்: மூன்றாவது பட்டையும் வெடித்தால் கையெழுத்து வைக்கிறேன், அதுவரை சிவரூபன் வெங்காயத்தைப் பார்க்கட்டும். சிவரூபன் அண்ணை வேலியடியில் வந்து நின்று அப்பாவிடம் நேரே சொன்னார்.

"ஓம் மாமா, எனக்கும் பயமாத்தான் கிடக்கு. மூண்டாவது வெடிக்கட்டும், மோட்டரைக் கழட்டுறன். இன்னும் பன்ரண்டு நாள் தாங்கினால் காணும்."

அப்படி மூன்றாவது பட்டையில் வந்து நின்றது எல்லாம். அப்பா ஒவ்வொரு காலையும் அதைப் போய்ப் பார்த்தார். வெடிக்க வேண்டும் என்று பார்த்தாரா, வெடிக்கக் கூடாது என்று பார்த்தாரா, நான் கேட்கவில்லை. அந்த ஞாயிறு நான் ரயிலுக்குப் போகும்போது கிணற்றடியில் ஒரு சத்தம் கேட்டது. பல்லை நறநறவென்று கடிப்பதுபோல, நிலத்துக்குள் இருந்து, ஒரு கணம். எங்கள் நாய் எழும்பி வீட்டின் மேற்குப் பக்கம் போய்ப் படுத்தது. அப்பா என்னைப் பார்த்து, "ரயில் போயிடும், நட" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஒரு புதினம். கமராவைக் கிணத்துக் கட்டிலை வைச்சிட்டு, ரெண்டு செக்கனுக்குத் திருப்பிப் போட்டு, கையை எடுத்திட்டன். தொடேல்லை. ஆனாலும் அந்தக் கை அடையாளம் ஆடுது."

"எத்தினை மணிக்கு அப்பா?"

"ஆறரை இருக்கும்."

"அது வெளிச்சம் காணாமல் வாறது. ஜெரோசன் சொன்னவரெல்லோ? கை பிடிச்சாலும் வரும், பிடிக்காட்டியும் வரும். கிணத்தடியிலை ஏன் நிக்கிறியள்?"

"நிக்கேல்லை. பாத்திட்டு, எடுத்துக்கொண்டு வந்திட்டன்." பிறகு, "அப்ப அது வெளிச்சத்துக்குத்தான் எண்டுறாய்" என்றார்.

"ஓம். பகலிலை, வெளிச்சத்தை முதுகுக்கு விட்டு எடுங்கோ."

நான் சொன்னதில் பிழையில்லை. கமராவைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அந்த அடையாளம் வெளிச்சக் குறைவுக்குத்தான் வரும்; நிலம் ஆடுவதைச் சொல்லும் அறிவு அதற்கு இல்லை. ஆனால் நாற்பத்தைந்து வருடம் நிலத்தின் மட்டம் பார்த்த ஒருவர் எனக்குச் சொல்ல வந்தது கமராவைப் பற்றி அல்ல.

வியாழக்கிழமை காலை நடந்ததைச் சுபாஜினி சொல்லித்தான் நான் அறிவேன். முதல்நாள் இரவு முழுக்க மோட்டர் ஓடியிருந்தது. ஏழு மணிக்கு அவ குடத்தோடு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தபோது அப்பா ஏற்கெனவே அங்கே நின்றார். வழக்கமாக நிற்கிற வீட்டுப் பக்கத்தில் அல்ல. வீட்டுப் பக்கம் நின்றால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், லென்ஸிலும் அடிக்கும். அவர் வெடிப்பைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் போய், சூரியனை முதுகுக்கு விட்டு, நிழல் விழாமல் கொஞ்சம் சரிந்து, மூன்றாவது பட்டையை நோக்கிக் குனிந்து நின்றார். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன.

"தண்ணி அள்ளப் போறன் மாமா எண்டன்" என்றா சுபாஜினி. "மாமா திரும்பிப் பாக்கேல்லை. கையை மட்டும் காட்டினார். 'உதிலையே நில்லு பிள்ளை. நீ நடந்தால் நிலம் ஆடும், படம் கலங்கிப் போம்' எண்டார். நான் குடத்தை இறக்கி வைச்சிட்டு நிண்டன். மாமா மூச்சை அடக்கிறது எனக்குத் தெரிஞ்சது. பிறகு மாமா இல்லை."

சத்தம் பிறகுதான் வந்ததாம். கிணற்றுக் கட்டு, மோட்டர்க் கொட்டில், எலுமிச்சை மரம், இரண்டு பாத்தி வெங்காயம் எல்லாம் போயின. சுபாஜினி இறக்கி வைத்த குடத்துக்கு நாலடி முன்னால் நிலம் முடிந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அவரை எடுத்தார்கள். கமரா கழுத்தில் இருந்தது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு முதல்நாள், நான் கொடுத்தனுப்பியிருந்த கமராவோடு ஜெரோசன் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கமரா செத்துவிட்டது, ஆனால் அதற்குள் இருந்த அட்டையைக் காயவைத்து எடுத்துவிட்டேன் என்றார். முற்றத்துக் கதிரையில் இருந்து மடிக்கணினியைத் திறந்து எனக்குக் காட்டினார். முப்பத்தெட்டுப் படங்கள். கடைசிப் படத்தில் மூன்றாவது பட்டை நடுவால் பிளந்திருந்தது. இரண்டு ரூபாய்க் குத்தி பக்கத்தில் இருந்தது. மற்றப் படங்களில் நிமிர்ந்திருந்த திகதி இந்தப் படத்தில் தலைகீழாக இருந்தது, அவர் எதிர்ப்பக்கம் நின்றதால். கீழ் ஓரத்தில் அவருடைய செருப்பின் நுனி. செம்மண் துகள் ஒவ்வொன்றும் எண்ணலாம்போல இருந்தது.

"ஒரு ஆட்டமும் இல்லை அக்கா" என்றார் ஜெரோசன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழு அப்பாவின் போனில்தான் இருந்தது. அந்தப் போனிலிருந்தே படத்தைப் போட்டேன். சிவரூபன் அண்ணை வேலிக்கு அப்பால் இருந்துகொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா" என்று அப்பாவின் இலக்கத்துக்கே எழுதினார். வாகீசன் அண்ணையின் பதில் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது. "தெளிவாயிருக்கு. கையெழுத்து வைச்சு அனுப்புறன்." அதற்குப் பிறகு அவர் அனுப்பிய குரல் பதிவு நாலு நிமிடம் நீளம். நான் இன்னும் கேட்கவில்லை.

குழியை நிரப்ப இருபத்தாறு லோட் மண் போனது. பங்குனி முடிய அது ஒரு சாண் இறங்கியது, திரும்பவும் போட்டார்கள். சித்திரை மழைக்குப் பிறகு எங்கள் குசினிச் சுவருக்கு மூன்றடி தள்ளி, மண்ணில் ஒரு கோடு வந்திருக்கிறது. வெயில் வெடிப்பாயும் இருக்கலாம். நேராகப் போகிறதா வளைகிறதா என்று சொல்ல இன்னும் நீளம் காணாது. குறுக்கே சீமெந்துப் பட்டை பூசி, திகதி கீறியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய் மாடிப்படி ஏறினேன். ஜெரோசன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். அந்தப் பெரிய கமரா இன்னும் கீழ்த்தட்டில்தான் இருந்தது.

"சூம் நீளமானதைத் தாங்கோ" என்றேன். "நான் எட்ட நிண்டுதான் எடுப்பன்."